9.75 மீட்டரா, 14.50 மீட்டரா? வேலூர்க் கோட்டையருகே ஒரு வீட்டின் உயரக் கணக்கு

இது நான் பொறியாளராக இருந்து வரைபடம் போட்ட ஒரு வீட்டின் கதை. வீட்டார், மேஸ்திரி, பக்கத்து வீட்டார் யார் என்று தெரியாதபடி தெருவையும் பெயர்களையும் விட்டுவிட்டேன். அளவுகள் உள்ளபடியே இருக்கின்றன. தவறுகளில் சில என்னுடையவை. அவற்றையும் அவற்றின் இடத்தில் சொல்கிறேன்.

பின்னணி

வேலூர்க் கோட்டைக்குக் கிழக்கே, பழைய ஊரின் குறுக்குத் தெருவில் 30க்கு 45 அடி மனை. அதில் இருந்தது பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு: தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, சுண்ணாம்போடு செங்கல் தூள் கலந்த சுருக்கி போட்டு, மேலே தட்டோடு பதித்த கூரை. வீட்டு அம்மா அதை இன்னும் 'மெத்தை' என்றுதான் சொல்வார். கட்டைகள் செல்லரித்துவிட்டதால் இடித்துவிட்டு, தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும் கட்டுவது என்று முடிவானது. கீழே அம்மா, முதல் மாடியில் பெரிய மகன் குடும்பம், இரண்டாம் மாடியில் சின்ன மகன் குடும்பம்.

வேலூரில் மற்ற இடமாக இருந்தால் இது சாதாரண வேலை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த மேம்பாடு மற்றும் கட்டிட விதிகள், 2019, உயரமான கட்டிடம் என்று கணக்கில் எடுப்பதே 18.30 மீட்டருக்கு மேல்தான். மூன்று தள வீடு அதன் பக்கத்தில்கூடப் போகாது. எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, 2. 1,350 சதுர அடி மனைக்கு 2,700 சதுர அடி வரை கட்டலாம். நாங்கள் போட்டது தளத்துக்கு 850 வீதம் 2,550.

ஆனால் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 1958ஆம் ஆண்டின் நினைவுச் சின்னங்கள் சட்டத்தில் 2010இல் வந்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே கட்டலாம், ஆனால் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் பரிந்துரையோடு தனி அனுமதி வாங்க வேண்டும். பலர் கோட்டை மதிலிலிருந்து அடி போட்டு அளந்து, 'நாம தாண்டிட்டோம்' என்று நிம்மதி அடைகிறார்கள். அளவு மதிலில் தொடங்குவதில்லை, பாதுகாக்கப்பட்ட எல்லையில் தொடங்குகிறது. எங்கள் மனை அந்த எல்லையிலிருந்து சுமார் 170 மீட்டர்.

விண்ணப்பத்தில் எழுதிய எண்

சாலை மட்டத்திலிருந்து பேஸ்மட்டம், அதாவது வீட்டுத் தரையின் உயரம், 60 செ.மீ. ஒவ்வொரு தளமும் 3.05 மீட்டர். ஆக மொட்டை மாடித் தளத்தின் மேல்மட்டம் 9.75 மீட்டர். அதன் மேல் மாடிப்படியை மூடும் சின்ன அறையான ஹெட்ரூம், 2.45 மீட்டர். கைப்பிடிச் சுவர் 1 மீட்டர்.

உள்ளாட்சிக்குக் கொடுத்த வரைபடத்தில் உயரம் 9.75 என்று போட்டேன். அது சரி. தேசியக் கட்டிட நெறித்தொகுப்பின்படி, தட்டையான கூரை என்றால் மக்கள் வசிக்கும் கடைசித் தளத்தின் மொட்டை மாடி வரைதான் உயரம். 1.5 மீட்டருக்கு மிகாத கைப்பிடிச் சுவரும், 3 மீட்டருக்கு மிகாத மாடிப்படி மூடியும் கணக்கில் வராது. தண்ணீர்த் தொட்டிக்கும் அதைத் தாங்கும் அமைப்புக்கும் ஓர் அளவு வரை விலக்கு உண்டு. ஒரே நிபந்தனை, இவையெல்லாம் சேர்ந்து கூரைப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

நினைவுச்சின்ன அனுமதிக்கான விண்ணப்பத்தில் அப்படி இல்லை. அங்கே மொத்த உயரம் என்றால் கைப்பிடிச் சுவர், ஹெட்ரூம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்து. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஹெட்ரூமின் உச்சி வரை கூட்டி 12.20 என்று எழுதினேன். தொட்டியை மறந்துவிட்டேன். வரைபடத்தில் தொட்டி இருந்தது, ஆனால் அதன் பக்கத்தில் அளவு போடவில்லை. ஆயிரம் லிட்டர் கருப்புத் தொட்டி எங்கே இருந்தாலும் யாரும் பார்ப்பதில்லை, என் கண்ணும் பார்க்கவில்லை.

மாசியில் போட்ட விண்ணப்பத்துக்கு ஆடியில் அனுமதி வந்தது. அதில் ஒரு மாதம் நான் இடவரைபடத்தில் விட்ட பிழையைத் திருத்தியதில் போனது. கடிதத்தில் தரைத்தளமும் இரண்டு மாடியும், மொத்த உயரம் 12.20 மீட்டர், எல்லாம் உட்பட என்று இருந்தது. நான் கேட்ட எண்ணையே கொடுத்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

கட்டும்போது நடந்தது

ஆவணியில் கடைக்கால் தோண்டினோம். பேஸ்மட்டம் எழும்பும்போது மேஸ்திரி பெரிய மகனிடம், "அண்ணா, இந்தத் தெருவுல ரோட்ட மேல மேல போட்டுக்கினே இருக்காங்க. ரெண்டடி வெச்சா பத்து வருஷத்துல தண்ணி உள்ள வந்துரும்" என்றாராம். எதிர் வீட்டில் மூன்று படி இறங்கித்தான் கூடத்துக்குள் போக வேண்டும், அதைக் காட்டியிருக்கிறார். நியாயமான பயம். அப்படியே ஒன்றரை அடி உயர்த்திக் கட்டிவிட்டார்கள். நான் அடுத்த முறை போனபோது தரைக்கு மண் நிரப்பியாகிவிட்டது. '45 செ.மீ.தானே, ஹெட்ரூமில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டேன். அப்புறம் ஹெட்ரூமில் பார்க்கவும் இல்லை. கம்பி கட்டி, சென்ட்ரிங் அடித்து, எட்டடிக்கே கான்கிரீட் போட்டாயிற்று.

ஆக மொட்டை மாடி 10.20. ஹெட்ரூம் உச்சி 12.65. அதன் மேல் 60 செ.மீ. மேடை, 1.25 மீட்டர் தொட்டி. தொட்டி மூடி 14.50 மீட்டரில் நின்றது.

தை மாதம் குடிபோனார்கள். சித்திரையில் கத்திரி வந்தது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது வேலூருக்குப் புதிதல்ல. இரண்டாம் மாடியில் சின்ன மகனின் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பகலெல்லாம் வெயில் வாங்கிய கான்கிரீட் இரவு பதினொரு மணிக்கும் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரத்தில் வெல்டிங் பட்டறையிலிருந்து ஆள் வந்து மொட்டை மாடி முழுக்க நீலத் தகர ஷீட் போட்டுவிட்டார்கள். தெருப்பக்கம் 3.50 மீட்டர், பக்கத்து வீட்டுப் பக்கம் 2.60 மீட்டர் என்று ஒரே சாய்வு. ஹெட்ரூமைச் சுற்றி வெட்டிவிட்டு 740 சதுர அடி. செலவு சுமார் 1.8 லட்சம்.

வீட்டில் இதை வேண்டாம் என்றவர் அம்மா ஒருவர்தான். காரணம் சட்டமில்லை. "வடாம் காய வெயிலு வேணும் தம்பி, நெழலு எதுக்கு?" என்று என்னிடம் பின்னால் சொன்னார்.

எனக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் அகழி ஓரமாக நடக்கும்போது பழைய ஓட்டு வீடுகளுக்கும் வெள்ளைக் கைப்பிடிச் சுவர்களுக்கும் நடுவே அந்த நீலம் கண்ணில் அடித்தது. எந்த வீடு என்று புரிய இரண்டு நிமிடம் ஆனது. போன் பண்ணி, "இது சரிப்படாதுங்க, பிரிச்சுடுங்க" என்றேன். "கத்திரி போகட்டும் சார்" என்றார் பெரிய மகன். கத்திரி போனது. நானும் மறுபடி கேட்கவில்லை. எழுத்தில் ஒரு வரி கொடுத்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு மித்தம்

ஆனியில் மாலை இடிமழைகள் வந்தன. ஷீட் சாய்ந்திருந்த பக்கம் பழைய ஓட்டு வீடு, நடுவில் திறந்த மித்தம். 740 சதுர அடித் தகரத்தில் விழுந்த மழை முழுக்க அந்த ஓரத்தில் ஒரே வரிசையாக இறங்கி, காற்றோடு மித்தத்துக்குள் போனது. ஷீட்டின் ஓரத்தில் தண்ணீரைப் பிடித்து இறக்க எதுவும் வைக்கவில்லை. மொட்டை மாடியிலிருந்து மழைநீர்த் தொட்டிக்கு நாங்கள் விட்டிருந்த குழாய்கள் இரண்டும் காய்ந்து கிடந்தன. 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். இங்கே அமைப்பு இருந்தது, தண்ணீர்தான் அதைச் சுற்றிக்கொண்டு போனது.

பக்கத்து வீட்டு அக்கா மூன்று முறை வந்து சொல்லியிருக்கிறார். மூன்று முறையும் 'பார்க்கிறோம்'. நான்காவது முறை அவர் வரவில்லை. ஆடியில் ஒரு திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்துவிட்டார். மனுவில் அவர் எழுதியது மழைத் தண்ணீர் பற்றி மட்டுமே. கோட்டை, அனுமதி, உயரம் எதுவும் அதில் இல்லை.

அளந்தபோது

ஆவணியில் பார்வையிட வந்தார்கள். மூன்று பேர், ஒரு லேசர் மீட்டர், அனுமதிக் கடிதத்தின் நகல். சாலை மட்டத்தில் ஆணி அடித்த இடத்திலிருந்து அளந்தார்கள்: மொட்டை மாடி 10.20, ஹெட்ரூம் 12.65, ஷீட் 13.70, தொட்டி 14.50. அனுமதி 12.20. ஒரு வாரத்தில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில் அனுமதிக்கு மாறாகக் கட்டினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்பது சட்டம். அந்த வரியைப் படித்ததும் பெரிய மகனின் குரல் மாறிவிட்டது.

ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை. போனில் தேடி ஒரு வாதம் கண்டுபிடித்தார். சாய்வுக் கூரைக்கு, வெளிச்சுவரும் கூரையும் சந்திக்கும் இடம் வரைதான் உயரம். தெருவைப் பார்த்த முக்கோணச் சுவர் என்றால் கூரையின் கீழ் விளிம்புக்கும் முகட்டுக்கும் நடுப்புள்ளி வரை. அழகுக்காக மட்டும் வைத்தவை கணக்கில்லை. இதெல்லாம் நெறித்தொகுப்பில் உள்ளதுதான். "நம்ம ஷீட்டுக்குச் சுவரே இல்ல சார், வெறும் கம்பம். அப்போ உயரம் எங்க முடியுது?" என்று கேட்டார். வக்கீலாகப் போயிருக்க வேண்டியவர்.

இரண்டு இடத்தில் அந்த வாதம் உடைந்தது. முதலாவது, உள்ளாட்சிக் கணக்கிலேயே அது நிற்காது. ஹெட்ரூம் 110 சதுர அடி, 850இல் மூன்றில் ஒரு பங்கான 283க்குள் அடங்கும். 740 சதுர அடி ஷீட் வந்ததும் அந்த விலக்கு போய்விடுகிறது. கூரை போட்ட இடத்தைத் தளமாக எடுத்தால் 2,550உடன் 740 சேர்ந்து 3,290, எஃப்எஸ்ஐயும் தாண்டுகிறது. இரண்டாவது, அனுமதிக் கடிதம் கேட்பது வேறு உயரம். உள்ளாட்சியின் உயர விதி மனிதர் குடியிருக்கும் உயரத்தைப் பற்றியது: எத்தனை பேர் மேலே இருப்பார்கள், தீ பிடித்தால் ஏணி எட்டுமா, பக்கத்து வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் போகுமா. அதற்கு ஹெட்ரூமும் தொட்டியும் பொருட்டில்லை. நினைவுச்சின்ன விதி கண்ணைப் பற்றியது. கோட்டை மதில்மேல் நிற்பவருக்கு வானத்தை மறைப்பது படுக்கையறையா பிளாஸ்டிக் தொட்டியா என்பதில் வித்தியாசம் இல்லை. அதனால்தான் ஷீட்டை விட்டுப் பார்த்தால் எங்கள் வீடு ஒரு கணக்கில் 10.20, இன்னொரு கணக்கில் 14.50. இரண்டும் உண்மை.

எடுத்த முடிவுகள்

மூன்று வழிகள் இருந்தன. கட்டியதை அப்படியே வைத்துக்கொண்டு பதில் எழுதி இழுப்பது. கூடுதல் உயரத்துக்குத் திருத்த அனுமதி கேட்பது. அனுமதித்த எண்ணுக்குள் வீட்டை இறக்குவது.

வக்கீல் முதல் வழிக்கும் தயார், இரண்டாவதுக்கும் தயார். நான் மூன்றாவதைச் சொன்னேன். கட்டிவிட்டு அனுமதி கேட்பது பலவீனமான நிலை. கேட்ட 12.20ஐக் குறைக்காமல் கொடுத்தவர்களிடம், என் மறதிக்காகவும் மேஸ்திரியின் பேஸ்மட்டத்துக்காகவும் 14.50 கேட்க எனக்கு முகமில்லை. அதோடு வேறு வழிகளில் போனால் நோட்டீஸ் தலைமேல் தொங்கிக்கொண்டே இருக்கும். அம்மாதான் முடித்து வைத்தார்: "பிரிச்சுப் போடுங்கடா. மொதல்ல அந்தப் பொண்ணு வூட்டுல தண்ணி போறத நிறுத்துங்க."

ஷீட் முதலில் போனது. நான்கு நாள் வேலை. கம்பமும் தகரமும் பாதி விலைக்குக் கீழே போயிற்று.

தொட்டி அடுத்தது. ஹெட்ரூம் மேலிருந்து இறக்கி, மொட்டை மாடியிலேயே பின்பக்கச் சுவரோரம் 45 செ.மீ. செங்கல் மேடையில் வைத்தோம். உச்சி 11.90. உயரம் சரியானது, ஆனால் இரண்டாம் மாடிக் குளியலறையில் ஷவர் நூல் மாதிரி ஒழுகியது. அதற்கு ஒரு சின்ன பிரஷர் பம்ப் வைத்தோம். கரண்ட் போனால் பக்கெட்தான்.

ஹெட்ரூம்தான் தலைவலி. 12.65இல் இருப்பதை 12.20க்கு இறக்க 45 செ.மீ. எடுக்க வேண்டும். தளம் 10.20 என்பதால் மீதி 2 மீட்டர்தான். 12 செ.மீ. கான்கிரீட் போட்டால் உள்ளே நிற்க 1.88 மீட்டர். அதனால் கான்கிரீட் கூரையை உடைத்தெடுத்து, சுவரைக் குறைத்து, மெல்லிய தகரக் கூரை போட்டோம். சாய்வு எங்கள் மொட்டை மாடிப் பக்கமே, உயர்ந்த விளிம்பு 12.18. வாசல் ஆறடி. பெரிய மகன் ஆறடி ஒரு அங்குலம். முதல் மாதம் நிலையில் இடித்துக்கொண்டதில் நெற்றியில் ஒரு கோடு விழுந்தது. இப்போது நிலையின் மேல் பழைய துண்டு ஒன்றைச் சுற்றி ஆணி அடித்திருக்கிறார்கள்.

கூரையை உடைக்கும்போது மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். குடிபோவதற்கு முன் அவரே அடித்த சென்ட்ரிங்குக்கு நானே கையெழுத்துப் போட்டவன். உடைக்கும் கூலியில் பாதியை நான் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு

ஐப்பசிக்குள் வேலை முடிந்தது. மறுபடி அளந்து, 12.18 என்று எழுதிக்கொண்டு போனார்கள். நோட்டீஸ் அதோடு முடிந்தது.

வெயில் பிரச்சினை தீரவில்லை, ஷீட் மட்டும்தான் போயிற்று. மொட்டை மாடியில் வெள்ளை கூலிங் டைல்ஸ் பதித்தோம். அடுத்த கத்திரியில் மதியம் மூன்று மணிக்கு அறையில் வெப்பமானி வைத்துப் பார்த்தோம். முன்பு அளந்து வைக்காததால் எவ்வளவு குறைந்தது என்று என்னால் சொல்ல முடியாது. குழந்தைக்கு வேர்க்குரு வரவில்லை என்று மருமகள் சொன்னார். முன்னிரவில் தளத்தை வெறுங்காலால் மிதிக்க முடிந்தது. பழைய மெத்தை இதைவிடக் குளிர்ச்சி என்கிறார் அம்மா. சுருக்கியும் செங்கல்லும் சேர்ந்து ஒரு அடிக்கு இருந்த கூரைக்கும் ஐந்து அங்குலக் கான்கிரீட்டுக்கும் போட்டி வைப்பதே தப்பு.

மித்தத்தில் இப்போது தண்ணீர் விழுவதில்லை. அக்கா வீட்டுக்கும் இவர்களுக்கும் பேச்சு இன்னும் பாதிதான். பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தனுப்பினார்கள், வாங்கிக்கொண்டார்.

இப்போது மாற்றிச் செய்வது

கோட்டைப் பக்கத்து வேலை வந்தால் முதலில் தொட்டியை வரைகிறேன். வரைபடத்தின் குறுக்குவெட்டில் சாலை மட்டத்திலிருந்து தொட்டி மூடி வரை ஒரே கோடு, அதில் ஒவ்வொரு அளவும். மொத்தம் கேட்கும் இடத்தில் அந்தக் கோட்டின் எண்தான் போகும், கூடவே கட்டுமானத்தில் பிசகுவதற்காக அரை மீட்டர்.

பேஸ்மட்ட உயரத்தை மனைக்குப் போய் எதிர் வீட்டுப் படிகளை எண்ணிய பிறகே முடிவு செய்கிறேன். மேஸ்திரியின் பயம் தவறில்லை. அது காகிதத்தில் ஏறாமல் போனதுதான் தவறு. அடுத்த முறை சாலை போட்டால் வீட்டின் உயரம் கணக்கில் குறையும் என்று ஒருவர் என்னிடம் சிரித்தார். அதை நம்பி யாரும் கட்ட முடியாது. மட்டம் குறித்த ஆணியை மதிலில் அடித்து, சிவப்புப் பெயிண்ட் வைத்து, வேலை முடியும்வரை யாரும் தொடக் கூடாது என்று சொல்கிறேன். ஒவ்வொரு தளம் போட்டதும் அந்த ஆணியிலிருந்து அளந்து மேஸ்திரியின் நோட்டிலும் என் நோட்டிலும் எழுதுகிறோம்.

மொட்டை மாடியை என்ன செய்வீர்கள் என்று வரைபடத்துக்கு முன்னால் கேட்கிறேன். துணி, வடாம், ஷீட், சோலார், மாடித் தோட்டம், கல்யாணப் பந்தல், எல்லாவற்றையும். ஆண்கள் ஷீட் என்பார்கள். வீட்டுப் பெரியம்மாவைத் தனியாகக் கேட்பது நல்லது. சின்ன வீடுகளுக்குப் பணி நிறைவுச் சான்று கேட்பதில்லை என்பதால் யாரும் வந்து அளக்கமாட்டார்கள் என்ற நினைப்பு இந்த வீட்டாரிடமும் இருந்தது. அதனால் அனுமதிக் கடிதத்தின் நகலைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு ஹெட்ரூம் சுவரில் மாட்டச் சொல்கிறேன்.

இப்போது சின்ன மகனுக்குச் சோலார் ஆசை. மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. பட்டறைக்காரர் உயரமான கம்பத்தில் போட்டால் அடியில் நிழலும் கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்தார். நான் பலகைகளைக் கைப்பிடிச் சுவர் உயரத்துக்குள், 11.20ஐத் தாண்டாமல் படுக்க வைத்து வரைந்திருக்கிறேன். அதையும் அனுமதிக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். பதில் வரும்வரை மொட்டை மாடியில் இருப்பது துணிக்கொடியும் அம்மாவின் வடாமும்தான்.